ஏழாம் மாசமே போட்டாச்சு

ஊசி போட்ட பிள்ளைகளுக்குத்தான் அக்கி வருகிறதாம். சலவைக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்த ஒருத்தி ரொட்டிக்கடையில் சொல்ல, அங்கே நின்றிருந்த துப்புரவுக்காரி அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து தடுப்பூசி அறையின் வாசலில் இறக்கிவைத்தாள்.

"சின்னம்மை வராம இருக்கன்னு போடுறீங்களே சிஸ்டர், அந்த ஊசிதான் உள்ள போய் ஒளிஞ்சுக்குதாம். நாலஞ்சு வருஷம் கழிச்சு விலாப்பக்கமா அக்கியா வெளிய வருதாம். தையல்கடைக்காரி புள்ளைக்கு வந்திருக்காம். இடுப்புலேர்ந்து முதுகு வரைக்கும் சூடு போட்ட மாதிரி வரிசையாக் கொப்புளமாம்."

"யாரு சொன்னா?"

"சலவைக்கடையில சொன்னாங்களாம்."

"சலவைக்கடைக்காரன் எந்தக் காலேஜுல டாக்டருக்குப் படிச்சான்?"

"அவன் சொல்லலையாம். துணி வாங்க வந்தவங்க பேசிக்கிட்டாங்களாம்."

"அப்ப துணிதான் சொல்லியிருக்கும். போய் வாளியை எடுத்துட்டு வா. அந்த மூலையில ஒரு குழந்தை வாந்தி எடுத்து வெச்சிருக்கு."

துப்புரவுக்காரி சிரித்துக்கொண்டே போனாள். மின்னலும் சிரித்தாள். பிறகு அடுத்த குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

மின்னல் என்பது அவளுக்கு வேலை வைத்த பெயர். ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. குழந்தை வாயைத் திறந்து அழுகையைத் தேடி எடுப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "அடுத்தது" என்று வாசலைப் பார்த்திருப்பாள். பத்தொன்பது வயதில் அந்த மருத்துவமனைக்குள் பஞ்சு உருட்டும் வேலைக்கு நுழைந்தவள். பகலில் பஞ்சு, மாலையில் படிப்பு என்று நான்கு வருஷம் ஓட்டி, செவிலியர் சான்றிதழோடு மாடிப்படிக்குக் கீழே இருந்த தடுப்பூசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலியை யாராலும் அசைக்க முடியவில்லை.

அறையின் ஒரு பக்கம் படிக்கட்டின் அடிப்பாகம் தலைக்கு மேல் சரிந்து இறங்கும். முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பாக்கள் தவறாமல் அதில் இடித்துக்கொள்வார்கள். "பரவாயில்ல, இன்னிக்கு உங்களுக்கும் ஒண்ணு போட்டாச்சு" என்பாள். மருந்துக் குளிர்பெட்டி, அதன் கதவில் காலையும் மாலையும் அவள் கையெழுத்திடும் வெப்பநிலைத் தாள், நூறு கிராம் கூட்டியே காட்டும் எடைத்தட்டு, குழந்தைகள் பிராண்டிப் பிராண்டி நுரைப்பஞ்சு பிதுங்கிய ரெக்சின் இருக்கை. இவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். அதற்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

கையைவிட வேகம் வாய். குழந்தையோடு சேர்ந்து கண்ணைக் கசக்கும் அம்மாவிடம், "யாருக்கு ஊசி, உனக்கா அவனுக்கா? ரெண்டு பேரும் அழுதா நான் யாருக்குப் போடுறது?" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பாவிடம், "மீசையை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்திருக்கலாமே" என்பாள். வரிசை சிரிக்கும். சிரிக்கப்பட்டவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். பிள்ளை அவள் கையில் அல்லவா இருக்கிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்க வார்த்தையிலும் வாலை நறுக்குவாள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டாகிவிட்டதா என்று ஒவ்வொருவரிடமும் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். "தட்டம்மை போட்டாச்சா? காமாலை போட்டாச்சா? சின்னம்மை போட்டாச்சா?" அவ்வளவுதான். பதில் வர வர பேனா ஓடும். மற்ற இடங்களில் இருபது பிள்ளைகளைப் பார்க்கும் நேரத்தில் அவள் ஐம்பது பிள்ளைகளை அனுப்பிவைப்பாள். அப்படியும் அவளுடைய பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் மற்ற மருத்துவமனைகளுக்குக் காட்டுவதற்காக அவளுடைய பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அன்று முழுவதும் மின்னல் யாரையும் திட்டமாட்டாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்காமல் போனது. மூன்றாவது முறைக்கு அவளும் முயலவில்லை, மின்தூக்கி பழுதுபார்க்கும் அவள் கணவரும் பேச்சை எடுக்கவில்லை. பதினான்கு வயது இளைய தங்கையைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தாள். அந்தத் தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எட்டு வாரம் முந்திக்கொண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம் போல இருந்தது. நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, மூச்சுவிடக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தது. நுரையீரல் இன்னும் பலம் பிடிக்கவில்லை. சாதாரணச் சளி பிடித்தாலே விலா ஒட்டி உள்ளே போகும். இப்போது ஒன்பதாவது மாதம்.

"ஒரு வயசு முடிஞ்ச மறுநாள் தூக்கிட்டு வந்துடு. சின்னம்மை ஊசியை நானே போட்டுவிடுறேன். அதுவரைக்கும் கூட்டத்துக்குத் தூக்கிட்டுப் போகாதே. இந்த நுரையீரலை வெச்சுக்கிட்டு அவளுக்கு அம்மை வந்துச்சுன்னா தாங்கமாட்டா" என்று தங்கையிடம் சொல்லிவைத்திருந்தாள். ஊசி போடுகிற தேதியில் நாள்காட்டியில் சிவப்பு வட்டமும் போட்டுவைத்திருந்தாள்.

ரொட்டிக்கடைப் பேச்சு வந்த மூன்றாம் நாள், கழுத்தில் அளவுநாடா தொங்க, தையல்கடைக்காரி மருத்துவமனைக்கு வந்தாள். ஒடிசலான, மெல்லப் பேசுகிற பெண்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"வரிசையில வா."

"ஊசிக்கு வரலக்கா. ஒண்ணு கேக்கணும்."

"கேக்கிறதுக்கும் வரிசைதான்."

நின்றாள். முன்னால் பதினொரு பேர், பின்னால் பத்துப் பேர். ஊசி போட்டவர்களும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துதான் போக வேண்டும் என்பதால் யாரும் கிளம்பவில்லை. அவளுடைய முறை வந்ததும் மேஜைமேல் மகளின் தடுப்பூசி அட்டையை விரித்துவைத்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில காட்டினேன்க்கா. அக்கிதான்னாங்க. ஆறு வயசுப் புள்ளைக்கான்னு அவங்களுக்கே ஆச்சரியம். அட்டையைப் பார்த்துட்டு, சின்னம்மை ஊசி போட்டிருக்கே, போட்டுமா வந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எம்புள்ளைக்கு அந்த ஊசி போடவே இல்லையேக்கா. அவளுக்குத்தான் முன்னாடியே அம்மை வந்து போயிடுச்சே."

"அட்டையில போட்டதா எழுதியிருக்கா, இல்லையா?"

"எழுதியிருக்கு. உங்க எழுத்துதான்."

"அப்புறம் என்ன?"

"நீங்கதான்க்கா கேட்டீங்க, சின்னம்மை போட்டாச்சான்னு. ஏழாம் மாசமே போட்டாச்சுன்னு நான்தான் சொன்னேன்."

மின்னலின் கை பஞ்சு டப்பாவுக்குள் நின்றுவிட்டது.

ஊசியை ஆள் போடுகிறார். அம்மை தானாகப் போடுகிறது. நம் வாயில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான்கு வருஷத்துக்கு முன் வீடு மாறி வந்த இவள், பழைய அட்டை சாமான் மூட்டையோடு தொலைந்துவிட்டது என்று புது அட்டைக்கு வந்து நின்றிருக்கிறாள். அட்டை இல்லாமல் வந்தால் பழைய மருத்துவமனைக்குக் கடிதம் போட்டு, பதில் வந்த பிறகுதான் எழுத வேண்டும். அதற்கு இரண்டு வாரமாகும். மின்னல் வாயால் கேட்டு, அரை நிமிஷத்தில் எழுதி அனுப்பிவிட்டிருக்கிறாள். அப்படி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். ஏழாம் மாதத்தில் அந்த ஊசியை யாரும் போடுவதில்லை, ஒரு வயது முடிய வேண்டும் என்பது பஞ்சு உருட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும். ஏழாம் மாசம் என்ற சொல் காதில் விழுந்தபோதே பேனா நின்றிருக்க வேண்டும். அதற்குள் அவள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டிருந்தாள்.

மற்றதும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அம்மை இறங்கினாலும் அதன் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் படுத்துக்கிடக்கும். என்றாவது எழுந்தால் அந்த நரம்பு போகிற வழியெல்லாம் கொப்புளமாக எரியும். அதுதான் அக்கி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மை கண்ட பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூட வயதில் அது எழுந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஊசியால் வந்த அக்கி இல்லை. ஏழாம் மாசத்து அம்மையால் வந்தது.

தப்பு என்னுதும்மா. இரண்டே சொல். இருபத்தொரு ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"உன் பழைய அட்டையைப் பார்த்துத்தானே எழுதினேன்" என்றாள்.

தையல்கடைக்காரி விழித்தாள். "அது தொலைஞ்சுபோச்சுன்னுதானேக்கா உங்ககிட்ட வந்தேன்?"

"தொலைச்சது அப்புறமா இருக்கும். எங்கிட்ட வந்தப்பக் கையில வெச்சிருந்தே. நான் கண்ணால பார்க்காம ஒரு எழுத்து எழுதமாட்டேன். இருபத்தாறு வருஷமா எழுதுறேன்."

"ஏழு மாசத்துல ஒடம்பெல்லாம் கொப்புளம்க்கா. பத்து நாள் நான் கண்ணை மூடல."

"வேர்க்குருவா இருந்திருக்கும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வேர்க்குருவுக்கும் அம்மைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கா?"

"எடுத்த அளவையே மறந்துட்டுத் தைக்கிறவ நீ. போன வருஷம் ஒரு சட்டை தைச்சுக் குடுத்தியே, கை உள்ள போச்சா எனக்கு? உனக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது ஞாபகம் இருக்குதாம். கேட்டுக்குங்கம்மா எல்லாரும்."

இப்போது வரிசையே சிரித்தது. தையல்கடைக்காரி அட்டையை எடுத்து, அந்த ஒரு வரியையே உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று மின்னல் எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது சந்தேகம். தன்மேலேயே சந்தேகம்.

"அப்ப... நான்தான் ஏதோ குழப்பிக்கிட்டேனாக்கா?"

"அடுத்தது" என்றாள் மின்னல்.

அதுவரை அந்தப் பேச்சுக்குக் கால் இல்லை. சலவைக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே உருண்டுகொண்டிருந்தது. மின்னல்தான் அதற்குக் கால் செய்து மாட்டினாள். ஊசி போட்ட பிள்ளையாமே என்று யார் இழுத்தாலும், அன்று வரிசையில் நின்ற இருபத்தொரு பேரில் ஒருத்தி, "ஆமா ஆமா, மின்னலே எல்லார் முன்னாடியும் அடிச்சுச் சொன்னா. அட்டையைக் கண்ணால பார்த்து எழுதினாளாம்" என்று சாட்சி சொன்னாள்.

தையல்கடைக்காரி வீட்டில் மாமியார் பிடித்துக்கொண்டாள். "பெத்த புள்ளைக்கு என்ன போட்டாங்க, எப்பப் போட்டாங்கன்னு தெரியாத ஒரு தாய். அம்மையாம், வேர்க்குருவாம். கண்ட விஷத்தையும் ஏத்திவிட்டுட்டு வந்து நிக்குது." வெட்டாத துணிகளை வாடிக்கைக்காரர்கள் திரும்ப வாங்கிப்போனார்கள். வெட்டிய துணிகளுக்கு, "அப்புறமா வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொப்புளம் காய்ந்து பள்ளிக்கூடம் போன சிறுமியைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். மற்ற பிள்ளைகள் அவளுக்குக் கொப்புளம் என்று பெயர் வைத்தன. "கொப்புளம், தள்ளி உக்காரு. கொப்புளம், பென்சிலைத் தொடாதே." இதையெல்லாம் துப்புரவுக்காரி நாள் தவறாமல் வந்து சொன்னாள். நடித்தும் காட்டினாள்.

டாக்டரம்மா மின்னலைக் கூப்பிட்டனுப்பினார். வயதில் சின்னவர், படிப்பில் பெரியவர். அவரிடம் மட்டும் மின்னல் நின்றுகொண்டுதான் பேசுவாள்.

"அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டது உறுதிதானே சிஸ்டர்? மருந்துக்குப்பி எண் எழுதுற கட்டம் காலியா இருக்கே."

"பழைய அட்டையிலயே எண் இல்ல டாக்டர். போட்டதுன்னு மட்டும்தான் இருந்துச்சு."

"நீங்க பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"அப்பச் சரி. உங்க பதிவை நான் சந்தேகப்படல." டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "ஊசி போட்ட புள்ளைங்களுக்கும் அக்கி வரலாம், ஆனா ரொம்பக் குறைவு. ஊசி போடாத அஞ்சு புள்ளைங்களுக்கு வர்ற இடத்துல, போட்டவங்கள்ல ஒண்ணுக்கு வந்தா அதிகம். வந்தாலும் லேசாப் போயிடும். இதை மறைக்கக்கூடாது. உள்ளதை உள்ளபடி எழுதி வாசல்ல ஒட்டுறேன்."

ஒட்டினார். "சின்னம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கும் அக்கி வரக்கூடும்" என்று முதல் வரி. ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் அது மிக மிகக் குறைவு, பயப்பட வேண்டாம், தவறாமல் போடுங்கள் என்று கீழே ஆறு வரி. யாரோ முதல் வரியை மட்டும் படம் பிடித்தார்கள். மாலைக்குள் அந்த வரி எல்லார் போனிலும் இருந்தது. அடியில் மருத்துவமனையின் முத்திரை இல்லையே என்று ஒருத்தி கேட்டதற்கு, இன்னொருத்தி முத்திரையைத் தனியாகப் படம் பிடித்து அனுப்பினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மின்னல் தங்கை வீட்டுக்குப் போனாள். குழந்தை தரையில் கவிழ்ந்து, ஒரு பிளாஸ்டிக் கரண்டியைத் துரத்திக்கொண்டிருந்தது. இரண்டடி நகர்ந்ததும் மூச்சிரைத்தது. தங்கை பிடி கொடுக்காமல் பேசினாள். கடைசியில் மின்னல்தான் ஊசிப் பேச்சை எடுத்தாள்.

"இன்னும் மூணு மாசம்தான். தேதி ஞாபகம் இருக்குல்ல?"

"ஊசி வேண்டாம்க்கா. நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"நாங்கன்னா? உன் வீட்டுக்காரனும் அந்தச் சுவத்துப் பல்லியுமா?"

"கிண்டல் பண்ணாதே. அந்தத் தையல்கடைப் புள்ளை எப்படித் துடிச்சுச்சுன்னு நான் பார்த்தேன். ராத்திரியெல்லாம் சட்டை ஒடம்புல படவிடாம அழுதிருக்கு."

"அந்தப் புள்ளைக்கு ஊசியால வரல."

"பின்ன எதால வந்துச்சு? நீதானே சொன்னே, அட்டையைப் பார்த்து எழுதினேன்னு. பொய்யா அது?"

அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருத்திக்குப் பேச்சே வராது. இங்கே சொல்லிவிடலாம். ஆனால் தங்கை வாயில் எதுவும் தங்காது. காலையில் சொன்னால் மாலையில் ரொட்டிக்கடைக்குப் போய்விடும். பார்க்காமல் எழுதினாளாம் என்று ஆரம்பித்தால், அவள் எழுதிய அத்தனை அட்டையையும் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். பதிவேட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் அதே பதிவேட்டை மூட்டை கட்டி எடுத்துப்போவார்கள்.

"பொய் இல்ல. அபூர்வமா அப்படி ஒண்ணு நடக்கும்" என்றாள்.

"அபூர்வம் எம்புள்ளைக்கு வராதுன்னு எழுதித் தர்றியா?"

"எழுதித் தர முடியாதுடி. ஆனா அம்மை வந்தா இவ நுரையீரல்..."

"அம்மை வந்தா ஒரு தடவையோட போயிடும். எல்லாரும் சொல்றாங்க. ஊசின்னா உள்ளேயே உக்காந்திருக்குமாம்."

"ரெண்டுலயும் உக்காந்திருக்கும். ஊசியில இருக்கிறது பல்லு புடுங்கினது, அம்மையில இருக்கிறது பல்லோட இருக்கிறது. எல்லாரும் சொல்றாங்களாம். எல்லாருமா இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்திருந்தாங்க?"

"நாற்காலியில உக்காந்தா ஆச்சா? பெத்துப் பார்த்தவளுக்குத்தான்க்கா அந்தப் பயம் தெரியும். உனக்கு அடுத்தவ புள்ளையைக் குத்தி அனுப்புறதோட வேலை முடிஞ்சுது."

கரண்டி கைக்கு எட்டாத கோபத்தில் குழந்தை வீறிட்டது. மின்னல் அதைத் தூக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

மின்னலின் வரிசை தேயத் தொடங்கியது. ஐம்பது முப்பதாயிற்று, முப்பது ஒன்பதாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மூவரும் வேறு ஊசிக்கு வந்தவர்கள். "சின்னம்மையும் போட்டுடலாமா?" என்று மின்னல் கேட்டபோது மூவருமே ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கேலி செய்யக்கூட ஆள் இல்லாமல் அவள் எடைத்தட்டைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சின்னம்மை பரவத் தொடங்கியது. முதலில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு. தையல்கடைக்காரி மகள் ஏறி இறங்கிய வேன்தானே, அவளால்தான் என்று அதற்கும் அவள் தலையை உருட்டினார்கள். பிறகு ஒரு நாள் துப்புரவுக்காரி வாளியை இறக்கிவைத்துவிட்டுப் புதுச் செய்தி சொன்னாள்.

"வேன்காரர் வீட்டுல கூட்டம் சிஸ்டர். புள்ளையைத் தூக்கிட்டுப் போய் அந்தப் புள்ளைங்ககூடக் கொஞ்ச நேரம் விளையாடவிட்டுக் கூட்டிட்டு வர்றாங்க. இப்பவே வந்துட்டுப் போயிட்டா நல்லதாம். கைக்குழந்தையா இருக்கும்போதே வந்தா வீரியம் தெரியாதாம். அப்புறம் அக்கி கிக்கி ஒண்ணும் எட்டிப் பார்க்காதாம்."

மின்னல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். உலகத்தில் உள்ள அத்தனை வழிகளிலும், பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அக்கி வரவழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

"யாரு சொன்னா அப்படி?"

"எல்லாரும்தான். உங்க தங்கச்சிகூட இப்பத்தான் பஸ் நிறுத்தத்துல என்னைப் பார்த்துக் கேட்டுச்சு, வேன்காரர் வீடு எதுன்னு. தையல்கடைக்கு நேர் எதிர்வீடுன்னு சொல்லி அனுப்பினேன். பாப்பாவுக்குப் புதுத்தொப்பியெல்லாம் போட்டுத் தூக்கிட்டுப் போவுது. மூணாவது நிறுத்தத்துல இறங்கினா கிட்டக்கதான்னேன். என்ன சிஸ்டர், மூஞ்சி இப்படிப் போவுது?"

தங்கையின் எண்ணுக்கு அழைத்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. தங்கை கணவனுக்கு அழைத்தாள். அவன் எடுத்து, "ஷிஃப்டுல இருக்கேன்க்கா, அவகிட்டயே பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தாலும் அரைமணி நேரம் ஆகும். தங்கை பேருந்தில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வேன்காரரின் எண் அவளிடம் இல்லை. அந்தத் தெருவில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் கடைவாசலில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பதிவேட்டை எடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கம். அழகான, அடித்தல் இல்லாத எழுத்து. சின்னம்மை, போடப்பட்டது. அதே வரியின் ஓரத்தில் தாயின் தொலைபேசி எண்.

என்ன சொல்வது? குறுக்கே நின்று அந்தக் குழந்தையை உள்ளே விடாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். கேட்காமல் இருக்கமாட்டாள். அப்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உன் பிள்ளைக்கு ஏழாம் மாசம் வந்தது அம்மைதான், நீ எதையும் குழப்பிக்கொள்ளவில்லை, ஊசி போடவே இல்லை, நான் பார்க்காமல் எழுதினேன், பார்த்ததாகப் பொய் சொன்னேன். இதைக் கேட்ட பிறகும் எழுந்துபோய் என் தங்கையைத் தடுத்து நிறுத்து. யாராவது நிறுத்துவார்களா? அவளுடைய இடத்தில் இருந்தால் மின்னல் நிறுத்துவாளா? இந்தக் கேள்வியை அவள் பாதியிலேயே விட்டாள்.

எண்களை அழுத்தினாள். ஓர் எண் பிசகி, யாரோ ஓர் ஆண் ஹலோ என்றான். வைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

மணி போனது. நான்கு, ஐந்து, ஆறு. எட்டாவது மணியில் வெட்டுப்பட்டது. தானாக நின்றதா, தையல்கடைக்காரி நிறுத்தினாளா?

"யாருக்கு சிஸ்டர்?" என்றாள் துப்புரவுக்காரி.

"தையல்கடைக்கு."

"அவளுக்கா? உங்க நம்பரைப் பார்த்தா எடுப்பாளா அவ?" துப்புரவுக்காரி வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தாள். மின்னலின் முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள்.

வாசலில் ஒரு பெண், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அன்றைய முதல் ஆள். "தடுப்பூசி ரூம் இதுதானே?" என்றாள். மின்னல் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, சரிந்த படிக்கட்டுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, தெருவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். போனைக் காதோடு அழுத்தியிருந்தாள். மறுமுனையில் மறுபடியும் மணி போய்க்கொண்டிருந்தது. இந்த முறை யாரும் அதை வெட்டவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை.